வழுவா, வழுவமைதியா?

இயற்பியலில் ‘அசாதாரண விரவல்’ என்றொரு கலைச்சொல் உண்டு. மொழியியல் பின்புலத்தோடு இத்துறைக் கட்டுரைகளை வாசிக்கையில் அந்த அடைமொழி உறுத்துகிறது.

நீர்மத்தில் மிதக்கும் நுண்துகளின் இடப்பெயர்ச்சியை இருமடியாக்கிச் சராசரி கண்டால், அது காலத்திற்கு நேர்விகிதத்தில் வளரும் என்று ஐன்ஸ்டீன் 1905இல் காட்டினார். அதாவது, காலத்தின் அடுக்கு 1. இது ‘சாதாரணம்’, அடுக்கு 1இலிருந்து விலகுவது ‘அசாதாரணம்’.

ஆனால் அந்தச் சாதாரணம் தடையற்ற, ஒருசீரான ஊடகத்திற்கு உரியது. உயிரணுவின் உட்புறமோ பெருமூலக்கூறுகளால் நெரிசலுற்றது. ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளின் நகர்வைக் கோல்டிங், காக்ஸ் இருவரும் 2006இல் அளந்தபோது கிடைத்த அடுக்கு ஏறத்தாழ 0.7. ஒன்றையொன்று முந்த இயலாத குறுந்தடத்தில் துகள்கள் வரிசையாக நகர்ந்தால், நீண்ட கால அளவில் அடுக்கு 0.5 ஆகும். வெய், பெக்கிங்கர், லைடரர் ஆகியோர் 2000இல் கூழ்மத் துகள்களைக் கொண்டு இதை மெய்ப்பித்தனர். நெரிசலான இடத்திற்கு இதுவே இயல்பு.

வெறும் பெயர்தானே என்று சிலர் கேட்கலாம். அடுக்கு 1ஐவிடக் குறைவு என்று கண்டதும், ‘அசாதாரணம்’ என்றெழுதி ஆய்வை முடித்துக்கொள்ள அப்பெயர் இடம் தருகிறது. துகள் ஆங்காங்கே நெடுநேரம் சிக்கிக் கிடந்தாலும் அடுக்கு குறையும். மீள்தன்மையுள்ள ஊடகம் அதைப் பின்னிழுத்தாலும் குறையும். சுவர்களுக்குள் அடைபட்ட சாதாரணத் துகளும்கூட, இடப்பெயர்ச்சி தன் எல்லையை எட்டித் தேங்குமுன், இடைப்பட்ட கால அளவில் அதே தோற்றத்தைத் தரும். எண் ஒன்று, காரணங்கள் மூன்று.

தமிழ் இலக்கணம் இங்கே வழிகாட்டும். விதியிலிருந்து விலகிய வழக்கை அது உடனே வழுவென்று தள்ளுவதில்லை, காரணம் கேட்கிறது. உவப்பினால் பசுவை உயர்திணையாகச் சொன்னால், அக்காரணம் கருதி அதைத் திணை வழுவமைதியாக ஏற்கிறது.

ஆகவே தமிழில் எழுதுவோர் ஆங்கில அடைமொழியை அப்படியே பெயர்க்காமல், ‘சிக்குண்ட விரவல்’, ‘வரிசை விரவல்’, ‘அடைபட்ட விரவல்’ எனக் காரணத்தால் பெயரிடலாம். எம்மொழியில் எழுதினும், அடுக்கோடு அது பொருந்தும் கால எல்லையையும் இடத்தின் அளவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காரணம் புலப்படவில்லையெனில் அவ்வாறே எழுதுவதில் இழுக்கில்லை. அந்த இடத்தை ‘அசாதாரணம்’ என்ற சொல்லால் நிரப்புவதுதான் வழு.