பூட்டிய அலுமாரி நூலகம் ஆகாது



எங்கள் பாடசாலையில் ஒரு புத்தக அலுமாரி இருக்கிறது. கொழும்பிலிருந்து வந்தவர்கள் கொடுத்தார்கள். ரிப்பன் வெட்டினார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். "பிள்ளைகள் கையில் கொடுத்தால் கிழித்துவிடும்" என்று ஆசிரியர்களாகிய நாங்களே அதைப் பூட்டி வைத்தோம். பிள்ளைகள் கிழிக்காத புத்தகங்களைப் பூஞ்சணம் தின்றது.

தோட்டத்தில் வாசகசாலை என்று பெயர் எழுதிய கட்டடமும் உண்டு. உள்ளே கல்யாணக் கதிரைகளும் பழைய தேர்தல் பதாகைகளும்தான் கிடந்தன. அந்தப் பதாகைகளில் நமது சங்கத்தின் பெயரும் இருந்தது. ஆகவே துரையை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் தப்ப முடியாது.

கதிரைகளை ஒதுக்கிவிட்டுச் சனிக்கிழமைகளில் அந்தக் கதவைத் திறந்தோம். தாய்மார் மலைக்குப் போய்விட, பிள்ளைகள் லயத்து வாசலில் சும்மா நிற்கும் நாள் அது. முதல் வாரம் ஆறு பேர் வந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். "சேர், இது பரீட்சைக்கு வருமா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. வராது என்றதும் கட்டிய கை அவிழ்ந்தது.

கதைகளைச் சத்தமாக வாசித்தோம். படங்கைக் கட்டிக்கொண்டு சின்னவர்கள் அதே கதையை நடித்தார்கள். வேலையிலிருந்து நின்ற பாட்டிமார் வந்து தாலாட்டும் கும்மியும் சொல்ல, பெரிய பிள்ளைகள் கொப்பியில் எழுதினார்கள். இப்படித் திரட்டிய பாட்டுகளைத்தான் சி.வி. வேலுப்பிள்ளை 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று நூலாக்கினார் என்றோம். அடுத்த வாரம் ஆளுக்கொரு பாட்டியைக் கூட்டி வந்தார்கள்.

சாதாரண தர வயதுப் பிள்ளைகளுக்கு வேறொரு வேலை கொடுத்தோம்: வீட்டிலுள்ள சம்பளத் துண்டை வாசிப்பது. சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் 8 சதவீதம், நிர்வாகம் 12 சதவீதம். நம்பிக்கை நிதியத்துக்கு நிர்வாகம் மட்டும் 3 சதவீதம். இதைப் படித்த பிள்ளை அன்றிரவே, "அம்மா, இந்தக் கழிவு எதுக்கு?" என்று கேட்டது. இருபது வருடம் கொழுந்து பறித்த அந்தத் தாய்க்கு அதுவரை யாரும் அந்தத் துண்டை வாசித்துக் காட்டியதில்லை. சங்கக்காரர்களாகிய நாமும் காட்டவில்லை.

"கதையும் கூத்தும் எதற்கு? டியூஷன் வையுங்கள்" என்கிறார்கள் சிலர். டியூஷன் வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் அதற்கு வருவது பரீட்சையில் நம்பிக்கையுள்ள பிள்ளை. நம்பிக்கை போன பிள்ளைதான் கொழும்புக் கடைக்கும் வீட்டு வேலைக்கும் பஸ் ஏறுகிறது. 16 வயது வரை கல்வி கட்டாயம் என்கிறது சட்டம். அந்தப் பிள்ளையைப் பிடித்து நிறுத்த அதற்குப் பிடித்தது ஏதாவது இங்கே இருக்க வேண்டாமா? பாடசாலையை விட்ட இரண்டு பையன்கள் எங்கள் கூத்துக்குத் தப்படிக்க வந்தார்கள். இப்போது வசனம் வாசிக்கிறார்கள்.

இதை ஆசிரியர்களின் கைக்காசில் நடக்கும் தர்மமாக விட்டுவிடக் கூடாது. பொது நூலகம் நடத்துவது பிரதேச சபையின் கடமை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் செலவு செய்ய முடியாது என்று நம்மை ஒதுக்கினார்கள். நம் வாக்கு மட்டும் செல்லுபடியானது. 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. சாக்குப்போக்கு போய்விட்டது, நூலகம் வந்ததா? நகரத்து நூலகத்தில் சேரப் போனால், ஆதனவரி கட்டுபவரின் பிணைக் கையெழுத்துக் கேட்கும் இடங்கள் உண்டு. லயக் காம்பராவுக்கு ஏது ஆதனவரி?

பாதை சரியில்லையாம். 1931இல் தஞ்சைச் சீமையில், மன்னார்குடிக்குப் பக்கத்து மேலவாசலில், மாட்டுவண்டியில் ஏற்றிய நூலகம் கிராமங்களுக்குப் போனது. அன்று மாட்டால் முடிந்தது இன்று லொறியால் முடியாதா? கொழுந்து லொறி வரும் பாதையில் புத்தகப் பெட்டி வராதா?

ஆகவே கேட்கிறோம். பிரதேச சபை மாதம் இருமுறை ஒவ்வொரு டிவிசனுக்கும் புத்தகப் பெட்டி அனுப்ப வேண்டும். சனிக்கிழமை நிகழ்ச்சியை நடத்த, படித்துவிட்டு வேலையின்றி இருக்கும் தோட்டத்து இளைஞர் யுவதிகளைச் சம்பளத்துக்கு அமர்த்த வேண்டும். நிர்வாகம் வாசகசாலைக்குக் கூரைத் தகரமும் மின்சாரமும் தர வேண்டும். சந்தாப் பணத்தில் ஒரு பங்கு பிள்ளைகளின் புத்தகத்துக்குப் போக வேண்டும். இதை நாம் நம்மிடமே கேட்கிறோம்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் சம்பளமும் அரைப்பேரும் பேசி முடித்ததும் கலைந்து போகாதீர்கள். எழுந்து நின்று தலைவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வாசகசாலைச் சாவி யாரிடம் இருக்கிறது?"