பாவ்பீஜ் பரிசும் பணிக்கொடையும்

தீபாவளியை அடுத்து வரும் வளர்பிறைத் துவிதியையை மராட்டிய மண் ‘பாவ்பீஜ்’ எனக் கொண்டாடுகிறது. அன்று கல்யாண் சந்திப்பிலிருந்து கசாரா, கர்ஜத் எனப் பிரிந்து செல்லும் மின்சார ரயில்களில், மணமாகிப்போன சகோதரியரின் வீடு நோக்கி உடன்பிறந்தார் பயணப்படுகின்றனர். சகோதரி ஆரத்தி எடுத்துத் திலகமிடுவாள். சகோதரன் தட்டில் பரிசு வைப்பான். கணுப்பொங்கலும் பிறந்தவீட்டுச் சீரும் அறிந்த கல்யாண் தமிழர்க்கு இப்பாசம் புதிதன்று. உழைப்பாளர் வீடுகளில் தழைக்கும் இவ்வன்பைப் பழிப்பது நமது வேலையுமன்று.

உரிமையின் இடத்தில் பரிசு வந்து அமரும்போதுதான் கேள்வி எழுகிறது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாட்டில் 1989இலும், மகாராஷ்டிரத்தில் 1994இலும், நாடு முழுமைக்கும் 2005இலும் சட்டம் திருத்தப்பட்டது. எனினும், ஆண்டுக்கொரு சேலை பெறும் சகோதரிகள் பலர், பிறந்தவீட்டு உறவு அறுந்துபோகுமோ என அஞ்சி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடுகின்றனர்.

இதே வழியை அரசும் பின்பற்றுகிறது. அங்கன்வாடி ஊழியர்க்கும் உதவியாளர்க்கும் மகாராஷ்டிர அரசு தீபாவளியையொட்டி வழங்கும் தொகைக்குப் பெயரே ‘பாவ்பீஜ் பரிசு’. 2025இல் அது 2,000 ரூபாய். மாதந்தோறும் தருவதும் ஊதியமன்று, ‘மதிப்பூதியம்’ என்கிறது அரசு. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தை அரை நூற்றாண்டாகத் தோளில் சுமப்பவர்கள் இப்பெண்களே.

பணிக்கொடைச் சட்டம் இவர்களுக்கும் பொருந்தும் என 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்தாண்டுப் பணி முடித்தவர்க்கு, பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் என்பது அச்சட்டத்தின் கணக்கு. அதனையும் ஓய்வூதியத்தையும் கோரி, 2023 டிசம்பரில் மகாராஷ்டிர அங்கன்வாடிப் பெண்கள் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கினர். தைப்பொங்கல் கடந்தும் அப்போராட்டம் நீடித்தது.

பரிசு கொடுப்பவரின் மனம் பார்த்து வருவது. கூடலாம், குறையலாம், நின்றும் போகலாம். பணிக்கொடையோ மறுக்கப்பட்டால் வழக்காடிப் பெறத்தக்கது. அண்ணன் வேடம் பூணும் அரசு, முதலாளி என்ற முறையில் தனக்குள்ள கடமையை அவ்வேடத்துக்குள் மறைத்துக்கொள்கிறது.

ஆகவே, கல்யாணின் மராத்தி, தமிழ்க் குடும்பங்களிடையே பணியாற்றும் தோழர்கள் பண்டிகையோடு மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை. ஆரத்தித் தட்டின் அருகிலிருந்தே இரண்டு கேள்விகளை எழுப்பலாம்: சகோதரியின் பங்கு எங்கே? அங்கன்வாடிப் பெண்ணின் பணிக்கொடை எங்கே? இவற்றுக்கு விடை கிடைத்த பின் தரப்படும் சேலை, உண்மையிலேயே அன்பின் பரிசாக இருக்கும்.