உண்பது என்னவென்று தமிழில் சொல்!

தான் உண்ணும் உணவில் என்னென்ன கலந்திருக்கின்றன என்பதைத் தன் தாய்மொழியில் அறிந்துகொள்ளும் உரிமை ஒரு மாந்தனுக்கு உண்டா, இல்லையா? 'உண்டு' என்பதே அறிவுடையார் அனைவரும் கூறும் விடை. ஆனால் இந்திய நடுவணரசின் சட்டம், 'தமிழனுக்கு அவ்வுரிமை கட்டாயம் இல்லை' என்கிறது. இது மிகைப்பேச்சன்று. உணவுக் காப்புக்கென 2006-இல் இயற்றிய சட்டத்தின் கீழ் 2011-இல் வகுக்கப்பட்ட விதிகளைப் பாருங்கள். உணவுப் பொதியின்மேல் அச்சிட வேண்டிய செய்திகள் ஆங்கிலத்தில் இருத்தல் வேண்டும். அல்லது தேவநாகரி எழுத்தில் இந்தியில் இருத்தல் வேண்டும். பிற மொழிகளோ, விற்பவன் விரும்பினால் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம், அவ்வளவே. 2020-இல் வந்த புதிய விதிகளும் இவ்வரம்பை அப்படியே வைத்துக்கொண்டன. ஏழு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் தமிழ்நாட்டில், தமிழன் வாயில் இடும் பண்டத்திற்குத் தமிழ் 'விரும்பினால்' மட்டுமே! இவ்விழிவை நம்மில் எத்தனை பேர் உணர்ந்திருக்கிறோம்?

எம் முகவைக் கடற்கரையில் இக்கேடு நாள்தோறும் கண்முன் நிற்கிறது. கீழக்கரையும் தொண்டியும் பெரியபட்டினமும் கடல்கடந்து வணிகம் செய்த ஊர்கள். இன்றும் இக்கரையோரத்து இளைஞர் பலர் அரபு நாடுகளிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உழைக்கின்றனர். படித்தோர் சிலர் அமெரிக்கா வரையிலும் சென்றுள்ளனர். அவர்கள் ஊர் திரும்புகையில் பெட்டி நிறைய வருவன அயல்நாட்டு இனிப்புப் பொதிகளே. பெட்டியில் வருவன போக, கப்பலில் வருவனவும் உள. இந்தியா வைத்திருந்த இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகளை எதிர்த்து அமெரிக்கா உலக வணிக அமைப்பில் வழக்காடி 1999-இல் வென்றது. அதன் விளைவாக, எஞ்சிநின்ற 715 வகைப் பண்டங்களின் மீதிருந்த கட்டும் 2001 ஏப்பிரல் முதல் நாளில் அவிழ்ந்தது. கதவு திறந்தது, பண்டம் வந்தது, தமிழ் மட்டும் வாயிற்படியிலேயே நிறுத்தப்பட்டது.

பிசுக்கட்டு என்று கடைத்தெருவில் வழங்கும் பண்டத்தை யாம் ஈரட்டி என்கிறோம். அடுதல் என்றால் சமைத்தல். இருமுறை அடப்படுவது ஈரட்டி. அயற்சொல்லின் பொருளும் 'இருமுறை வெந்தது' என்பதே. கேக்கு எனப்படுவது அணிச்சல். 'இச்சொற்களை யார் சொல்வார்?' என்று நகைப்போர் உளர். பொதியில் அச்சிட்டால் ஊரே சொல்லும். வானொலி என்றும் பேருந்து என்றும் சொல்லப் பழகிய நாவுக்கு ஈரட்டி என்பது கடினமாகிவிடுமா? சொல் வழங்காமைக்குக் கரணியம் நாவன்று; அச்சிடுவோன் புறக்கணிப்பே.

சென்ற தைத் திங்களில், அமெரிக்காவில் பணிசெய்யும் என் பழைய மாணவர் ஒருவர் பள்ளிக்கு வந்தார். வந்தவர் அந்நாட்டு இனிப்புப் பொதிகள் மூன்றை என் கையில் அன்போடு தந்தார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு அவற்றைப் பகிர்ந்து உண்டேன். ஒன்று பஞ்சுபோன்ற பொன்னிற அணிச்சல். உள்ளே வெண்மையான இனிப்புக் குழைவு. மற்றொன்று இரு கருநிற ஈரட்டிகளுக்கிடையே வெண்பூச்சு வைத்தது. மூன்றாவது, உள்ளே பழக்கூழும் மேலே வண்ணச் சருக்கரைப் பூச்சும் கொண்ட தட்டை. சுவை எப்படி இருந்தது? இனித்தது. அதை மறுப்பது பொய். முதற்கடியில் நா மகிழ்ந்தது. இரண்டாம் கடியில் இனிப்பே மிஞ்சியது. மூன்றாம் கடியில் மாவின் சுவை எது, பழத்தின் சுவை எது என்று பிரித்தறிய முடியவில்லை. பிள்ளைகள் இன்னும் கேட்டனர். பிள்ளைகள் கேட்பது இயல்பு. அதற்கென்றே செய்யப்பட்ட பண்டம் அது.

பின்னர் அப்பொதிகளையே அன்றைய பாடமாக்கினேன். 'இதில் என்ன இருக்கிறது? படித்துச் சொல்லுங்கள்' என்றேன். ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் பெறும் பிள்ளைகள் மூவர் எழுந்தனர். எழுத்துக் கூட்டினர், சருக்கரை, நீர், மாவு என்ற மட்டில் நின்றனர். மேலே செல்ல இயலவில்லை. கல்லூரியில் பயின்று, முப்பதாண்டு ஆசிரியப் பணி ஆற்றிவரும் எனக்கே அப்பட்டியலில் பாதிச் சொற்கள் அகராதியின்றி விளங்கவில்லை. ஆங்கிலம் எல்லார்க்கும் தெரியும் என்போர் இதற்கு என்ன விடை தருவர்?

அடுத்து, 'கருப்பட்டியில் என்ன இருக்கிறது?' என்று கேட்டேன். சாயல்குடிப் பக்கத்துப் பனையேறி ஒருவரின் மகள் எழுந்தாள். பாளையைச் சீவுவது, கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவது, தடவாவிடில் பதநீர் புளித்துக் கள்ளாவது, தந்தையார் காலையும் மாலையும் பனையேறுவது, தாயார் பதநீரைக் காய்ச்சிப் பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றுவது எனத் தொடக்கமுதல் முடிவுவரை ஓரிடத்தும் தடையின்றிச் சொன்னாள். ஓர் அயற்சொல் அவள் வாயில் வரவில்லை. தான் உண்பதை முழுதும் அறிந்த பிள்ளை அவள். அதே பிள்ளை, கையிலிருந்த பொதியின் முன் எழுத்தறியாதவளாக நின்றாள். அவளை அவ்வாறு நிறுத்தியவர் எவர்? அவளா? அவள் பெற்றோரா? அவள் மொழியைப் பொதியில் ஏற்ற மறுக்கும் சட்டமன்றோ?

யாம் அயற்பண்டத்தின் பகைவர் அல்லேம். இதனைத் தெளிவாகச் சொல்கிறோம். கீழக்கரையின் புகழ்பெற்ற இனிப்பாகிய தொதல் எங்கிருந்து வந்தது? மலாய் நாட்டார் தொதொல் என்று அழைப்பது அது. கடல்வணிகத்தின் வழியே நம் கரைக்கு வந்தது. தேங்காய்ப்பாலும் மாவும் கருப்பட்டியும் சேர்த்து, உருளியில் நெடுநேரம் துடுப்பால் கிண்டி, நம் பெண்டிர் அதைத் தம்முடையதாக்கினர். பெயரும் நம் ஒலிக்கு இசைந்தது. தொல்காப்பியர் எச்சவியலில் வகுத்த நெறியும் இதுவன்றோ? வடசொல் தமிழில் வருமாயின், வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் அமைந்து வருக என்றார். சொல்லுக்குச் சொன்ன அந்நெறி பண்டத்திற்கும் பொருந்தும். வருக, நம் எழுத்தில் எழுதப்பட்டு வருக, நாம் அறியுமாறு வருக. தொதல் அவ்வாறு வந்தது, ஏற்றுக்கொண்டோம். அமெரிக்கப் பொதியோ தன் எழுத்தோடும் தன் மொழியோடும் வந்து, நம் பிள்ளையின் அறியாமையின் மேல் அமர்கிறது.

பொதியின் மேலுள்ள எழுத்து என்ன செய்துவிடும் என்று கேட்பவர்க்கு அமெரிக்காவின் வரலாற்றையே சான்றாகக் காட்டுவோம். எண்ணெயில் நீரகவளியை ஏற்றி இறுகச் செய்கையில் உண்டாகும் ஒருவகைக் கொழுப்பை டிரான்சு கொழுப்பு என்பர். நெஞ்சாங்குலை நோய்க்கு அது வழிவகுக்கும். ஈரட்டியும் அணிச்சலும் நெடுநாள் கெடாதிருக்க அந்நாட்டு ஆலைகள் அதனைப் பெருவாரியாகக் கலந்துவந்தன. அக்கொழுப்பின் அளவைப் பொதியில் அச்சிடவேண்டும் என்ற விதி 2006-இல் அங்கு நடைமுறைக்கு வந்தது. மக்கள் படித்தனர், படித்துத் தவிர்த்தனர், ஆலைகள் பலவும் தம் கலவையை மாற்றின. 2015-இல் அக்கொழுப்பை உண்டாக்கும் எண்ணெயே காப்பானதன்று என்று அரசு அறிவித்து, 2018-இலிருந்து பெரிதும் விலக்கியது. இந்தியாவிலும் அக்கொழுப்பிற்கான வரம்பு 2021-இல் நூற்றுக்கு மூன்றாகவும், 2022-இல் இரண்டாகவும் குறைக்கப்பட்டது. அமெரிக்கனைக் காத்தவற்றுள் பொதியின் எழுத்தும் ஒன்று. அவன் படிக்கக்கூடிய எழுத்து. நம் பிள்ளைக்கு அக்காப்பு எங்கே?

அந்நாட்டு இனிப்புகளின் இயல்பையும் சிறிது அறிந்துகொள்வோம். துவிங்கி என்னும் அணிச்சல் 1930-இல் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தது. முதலில் அதனுள் இருந்தது வாழைப்பழச் சுவைக் குழைவு. இரண்டாம் உலகப் போரில் வாழைப்பழம் கிடைப்பது அரிதாகவே, வனிலாச் சுவைக்கு மாற்றினர். போர் முடிந்தது, வனிலா நிலைத்தது. எத்தனை ஆண்டானாலும் அது கெடாது என்பர் சிலர். அது கட்டுக்கதை, கடையில் வைக்கும் தவணை சில வாரங்களே. எதிரியைப் பற்றியும் பொய் சொல்லலாகாது. 1970-களிலிருந்து அந்நாட்டு ஆலைகள் கரும்புச் சருக்கரைக்கு மாற்றாக மக்காச்சோளப் பாகைப் பெரிதும் கலக்கலாயின. மலிவே அதன் கரணியம். 1912-இல் நியூயார்க்கில் தோன்றிய ஓரியோ என்னும் ஈரட்டி 2011-இல் இந்தியச் சந்தைக்கு வந்து, இன்று இங்கேயே செய்யப்படுகிறது. இவற்றை உண்பதும் விடுவதும் அவரவர் விருப்பம். ஆனால் அறியாமல் உண்பது விருப்பம் ஆகுமா?

இன்னுமொன்று. அமெரிக்க இனிப்புகள் சிலவற்றில் மாட்டுக் கொழுப்பும், விலங்கின் தோல் எலும்புகளிலிருந்து எடுக்கும் ஊன்பசையும் சேர்வதுண்டு. அவர்கள் அதை மறைக்கவில்லை, பொதியிலேயே அச்சிடுகின்றனர். ஆங்கிலத்தில் அச்சிடுகின்றனர் என்பதே நம் இடர். இராமேசுவரத்திற்கு நோன்பிருந்து வரும் சிவநெறியாளரும், கீழக்கரையில் ஆகும் உணவு ஆகா உணவு என வரையறுத்து வாழும் முசுலிம் உடன்பிறப்புகளும் இதனை அறிய வேண்டாவா? இந்தியாவில் விற்கும் பொதியில் மரக்கறிக்குப் பச்சைக் குறி உண்டு. புலாலுக்கும் குறி உண்டு. எந்தப் புலால் என்று அக்குறி சொல்லுமா? பெட்டியில் வந்த பொதியிலோ அக்குறியும் இல்லை.

'அமெரிக்கக் குழும்புகள் தமிழில் அச்சிடுமா?' என்று ஐயுறுவோரே, கனடாவைப் பாருங்கள். அங்கே உணவுப் பொதியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் சேர்ந்தே இருத்தல் வேண்டும் என்பது சட்டம். கியூபெக்கு மாநில மக்கள் தொகை ஒரு கோடியைக்கூட எட்டவில்லை. ஆயினும் அம்மக்கள் 1977-இல் தம் மொழிக்கெனத் தனிச்சட்டம் இயற்றிக்கொண்டனர். அமெரிக்கக் குழும்புகள் அங்கே வாய்மூடிப் பிரெஞ்சில் அச்சிடுகின்றன. அச்சிடாவிடில் விற்க முடியாது! அதே 1977-இல் நம் மாநில அரசும் கடைகளின் பெயர்ப்பலகை தமிழில் இருத்தல் வேண்டும் என்று ஆணையிட்டது. பலகை வரை வந்த தமிழ் கடைக்குள் இன்னும் நுழையவில்லை. கியூபெக்கிற்கு ஆனது தமிழ்நாட்டிற்கு ஏன் ஆகாது? தொகையில் நாம் குறைவா? மொழித் தொன்மையில் குறைவா? குறைவது ஒன்றே, கேட்கும் துணிவு!

செலவு மிகும் என்பர். இறக்குமதிப் பண்டத்தின்மேல் இறக்குமதி செய்வோன் தன் பெயரும் முகவரியும் உரிம எண்ணும் கொண்ட தாளொன்றை இன்றும் ஒட்டியே விற்கிறான். அத்தாளில் தமிழில் பத்து வரி சேர்க்க என்ன பெருஞ்செலவு ஆகும்? இடமில்லை என்பர். விளம்பரப் படத்திற்கு இருக்கும் இடம் உண்மைக்கு இல்லாமற் போகுமா?

அயலானை மட்டும் சாடி அமைவது நேர்மையன்று. தமிழ்நாட்டில், தமிழன் முதலில், தமிழன் உழைப்பில் செய்யும் முறுக்குப் பொதியும் கடலைமிட்டாய்ப் பொதியும் ஆங்கிலம் மட்டுமே தாங்கி வருகின்றனவே, அவற்றிற்கு என்ன சொல்வது? சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லையே! கருப்பட்டியில் வெள்ளைச் சருக்கரையைக் கலந்து விற்கும் இரண்டகர் நம்மிடையே இல்லையா? 1978-இல் பனையை மாநில மரமாக அறிவித்தோம்; அறிவித்த பின்னரும் செங்கற் சூளைக்கு வெட்டினோம். மாவட்ட ஆட்சியரின் இசைவின்றிப் பனையை வெட்டலாகாது என்று அரசு சொல்ல 2021 வரை ஆயிற்று. ஏறுவோர் அருகிவருகின்றனர். பனையேறியின் மகள் அறிந்த அத்தனையும் அவளோடு முடிந்துவிடுமாயின், அப்பழியை அமெரிக்கனா சுமப்பான்?

தமிழன்பர்களே! கோரிக்கை இதுவே. தமிழ்நாட்டில் விற்கும் உணவுப் பொதி ஒவ்வொன்றிலும், உள்நாட்டதாயினும் அயல்நாட்டதாயினும், உட்பொருள், செய்த நாள், கெடும் நாள், ஒவ்வாமை எச்சரிக்கை ஆகிய நான்கும் தமிழில் இருத்தலைக் கட்டாயமாக்குக. நடுவணரசு தன் விதியைத் திருத்துக. திருத்தும்வரை தமிழக அரசு சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றி வற்புறுத்துக. நம் வணிகர் ஆணைக்குக் காத்திராமல் இன்றே தமிழில் அச்சிடுக. நீங்களோ கடைக்குச் செல்லும்போதெல்லாம், 'இதில் தமிழ் எங்கே?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். தமிழ் இல்லாப் பொதியைத் திருப்பி வையுங்கள். ஒருவர் வைத்தால் கடைக்காரர் நகைப்பார். ஊர் வைத்தால் வணிகனுக்கு எழுதுவார்.

பிள்ளைக்கு இனிப்புக் கொடுக்க விழைவோர் ஓலைக்கொட்டானில் ஒரு கருப்பட்டித் துண்டும், பருவத்தில் அவித்த பனங்கிழங்கும், கீழக்கரைத் தொதலும் கொடுங்கள். அவை எதனால் ஆயின என்று சொல்லியும் கொடுங்கள். அயல் இனிப்பை அவன் கேட்டால், அதிலுள்ளதைத் தமிழில் படித்துக் காட்டிய பின் கொடுங்கள். படித்துக் காட்ட முடியாததை, பெற்ற பிள்ளையின் வாயில் இடாதீர்கள்!