நோட்டீசு ஒட்டினால் மட்டும் போதுமா?

மழைக்காலம் நெருங்கினால் மும்பை நகரில் ஒரு சடங்கு நடக்கிறது. இடியும் நிலையில் உள்ள கட்டிடங்களின் பட்டியலை அதிகாரிகள் வெளியிடுகிறார்கள். வாசலில் நோட்டீசு ஒட்டுகிறார்கள். குடியிருப்பவர்கள் அதைப் படிக்கிறார்கள். பிறகு உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறார்கள்.

சாவுக்கு அஞ்சாதவர்களா அவர்கள்? இல்லை. வெளியே போனால் வீடு போய்விடுமே என்ற அச்சம், சாவு பற்றிய அச்சத்தை விடப் பெரிதாக இருக்கிறது.

2022-ம் ஆண்டு ஜூன் மாதம் 27-ந் தேதி நள்ளிரவு நெருங்கும் வேளையில், குர்லா நாயக் நகரில் 4 மாடிக் கட்டிடம் ஒன்று இடிந்தது. 19 பேர் மாண்டனர். பலர் வெளி மாநிலங்களில் இருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள்.

அந்தக் கட்டிடத்துக்கு 2013-ம் ஆண்டிலேயே மாநகராட்சி நோட்டீசு கொடுத்திருந்தது. பின்னர் வேறொரு என்ஜினீயரின் அறிக்கை வந்தது. "இடிக்க வேண்டியது" என்ற வகையில் இருந்து, "பழுது பார்த்தால் போதும்" என்ற வகைக்குக் கட்டிடம் மாறியது. காகிதத்தில் வகை மாறியது. தூணின் பலம் மாறவில்லை.

சோதனை என்றால் என்ன?

30 ஆண்டுகளைத் தாண்டிய கட்டிடங்களை, பதிவு பெற்ற என்ஜினீயரைக் கொண்டு சோதித்து உறுதிச் சான்று பெறவேண்டும் என்று மும்பை மாநகராட்சிச் சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் சுற்றிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது சோதனை ஆகாது.

சுத்தியல் போன்ற கருவியால் தூணைத் தட்டி அதன் கடினத்தை அளக்கவேண்டும். ஒலி அலையைச் செலுத்தி உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கான்கிரீட்டில் சிறு துண்டைத் துளைத்து எடுத்து நசுக்கிப் பார்க்கவேண்டும். கடல் காற்றும் மழை நீரும் உள்ளே இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு பருக்கும். பருத்த துரு கான்கிரீட்டைப் பிளக்கும். மேலே சிமெண்டு பூசினால் வெடிப்பு மறையும், துரு மறையாது.

தூணை வெட்டுவது இதைவிடக் கொடுமை. 2017-ம் ஆண்டு ஜூலை மாதம் காட்கோபரில் ஒரு கட்டிடம் இடிந்து 17 பேர் பலியானார்கள். கீழ்த்தளத்தில் நடந்த மாற்ற வேலைதான் காரணம் என்று புகார் எழுந்தது. கீழ்த்தளத்தில் இருப்பவர் வெட்டுகிற தூண், மேலே நாலு மாடியில் தூங்குகிற குழந்தைகளையும் தாங்கும் தூண். அது எவருக்கும் தனிச்சொத்து அல்ல.

பூமி அதிர்ந்தாலும் இதே பாடம்தான். 2001-ம் ஆண்டு குடியரசு தினத்தன்று கட்ச் பகுதியில் பூகம்பம் ஏற்பட்டது. 200 கிலோ மீட்டருக்கு அப்பால் இருந்த ஆமதாபாத்தில் பல அடுக்குமாடிக் கட்டிடங்கள் சரிந்தன. வண்டி நிறுத்துவதற்காகக் கீழ்த்தளத்தில் சுவர் எழுப்பாமல், வெறும் தூண்கள் மேல் நிறுத்தப்பட்ட கட்டிடங்கள் அவற்றில் பல.

அச்சம் தீரவேண்டும்

"காலி செய்யச் சொன்னோம், கேட்கவில்லை" என்று அதிகாரிகள் சொல்வது பாதி உண்மைதான். தற்காலிகக் குடியிருப்புக்கு அனுப்பப்பட்டவர்களில் பலர் 20 ஆண்டுகள் கடந்தும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. குடித்தனக்காரர்களை வெளியேற்றுவதற்காகவே சோதனை அறிக்கை வாங்கும் கட்டிட உரிமையாளர்களும் உண்டு. இதைக் கண்ணால் கண்டவர்கள் எப்படி நம்புவார்கள்? கை நிறையப் பகடி கொடுத்து வாங்கிய ஓர் அறையை, ஊரில் இருந்து வந்து உழைத்த ஒரு தலைமுறையின் சேமிப்பை, ஒரு நோட்டீசை நம்பி யார் விட்டுப் போவார்கள்?

ஆகவே, திரும்பி வரும் உரிமைக்கு உறுதி தருவதும் கட்டிடப் பாதுகாப்பில் ஒரு பகுதியே. ஆட்களை வெளியேற்றும் முன்பு ஒவ்வொரு குடித்தனத்தின் பரப்பளவையும் அளந்து, எழுத்தில் கொடுக்கவேண்டும். தற்காலிக வீடு வேலைக்கும் பள்ளிக்கும் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கவேண்டும். திரும்பி வரும் தேதியும் குறிக்கப்பட வேண்டும். ஏழைகள் வாழும் கட்டிடங்களுக்குச் சோதனைச் செலவை அரசே ஏற்கவேண்டும். இரண்டு அறிக்கைகள் முரண்பட்டால் ஆண்டுக்கணக்கில் இழுக்காமல், மழைக்கு முன்பே முடிவு சொல்லவேண்டும்.

குடியிருப்போருக்கும் கடமை உண்டு. தாராவி, சயான், மாட்டுங்கா, செம்பூர் என்று தமிழர்கள் வாழும் இடங்களில் சங்கங்களுக்குக் குறைவில்லை. விழாவுக்கு வசூல் செய்யத் தெரிந்த சங்கம், சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படிக்கவும் வேண்டும். எந்தத் தூணில் என்ன பழுது என்று அதில் இருக்கும். புரியாவிட்டால் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்பதில் வெட்கம் இல்லை. தூணில் கை வைப்பவர் சொந்தக்காரராகவே இருந்தாலும் தடுக்கவேண்டும்.

சுவர் இருந்தால்தான் சித்திரம். சுவரைக் காப்பது குடியிருப்பவர் கடமை. சுவர் போனாலும் இடம் போகாது என்று உறுதி தருவது அரசின் கடமை. அந்த உறுதி கிடைத்தால், நோட்டீசைப் படித்தவர்கள் உள்ளே போய்ப் படுக்க மாட்டார்கள்.