பெயர் மாற்றத்திற்கு ஒரே விதி வேண்டும்

சி மொழி நூலகங்களைப் பைத்தானில் ஆள உதவும் இணைப்பு நிரல்களை இன்று கணிப்பொறியே இயற்றித் தருகின்றது. ஆயின் மூலப் பெயர்கள் யாவும் பைத்தானுக்கு ஏற்றன அல்ல. முன்னொட்டு நீக்கியபின் இலக்கத்தில் தொடங்குவனவும், ‘ஃபிரம்’ போன்று மொழி தனக்கென ஒதுக்கிய சொற்களும் அங்குப் பெயராகா.

‘ஸ்விக்’ கருவி ஒதுக்கிய சொல்லின் முன் அடிக்கோடு இடுகின்றது. பைத்தானில் அதுவோ உள்ளுறுப்பின் அடையாளம். அம்மொழியின் நடைவிதி பின்னடிக்கோட்டையே பரிந்துரைக்கின்றது. 2018-இல் பைத்தான் 3.7 ‘ஏசிங்க்’ என்பதை ஒதுக்கியபோது, அதனைப் பெயராகக் கொண்ட நிரல்கள் பல இயங்காதொழிந்தன.

ஆதலின், ஒதுக்கிய சொல்லுக்குப் பின்னடிக்கோடும், இலக்கத்திற்கு மட்டும் முன்னடிக்கோடும் இடுதலே முறையாகும். புதுப்பெயர் பிறிதொன்றோடு மோதாமையைச் சோதித்து, மாற்றப் பட்டியலையும் வெளியிடுதல் வேண்டும். பட்டியலின்றேல் மாணவர் அப்பெயரை எங்ஙனம் தேடிக் காண்பர்?