மு. வ.வின் உரையும் நமது கேள்வியும்

வேங்கிக்காலில் இப்போது கலெக்டர் கச்சேரி இருக்கிறது. திங்கட்கிழமை குறைகேட்கும் நாள் என்று ஜில்லாவின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் மனுவும் கையுமாய் அங்கு வந்து காத்துக் கிடக்கிறார்கள். பௌர்ணமி வந்தால் அதே மக்கள் பக்கத்திலிருக்கும் மலையைப் பதினாலு கிலோமீட்டர் கால் தேயச் சுற்றுகிறார்கள். சுற்றினவர்களுக்கே மறுபடியும் மனு எழுதவேண்டிய அவசியம் ஏன் வருகிறது என்பதை வாசகர்களே யோசித்துக் கொள்ளட்டும். நாம் இன்று எழுத வந்தது வேறு சங்கதி.

"பழைய ஏடுகளைக் கட்டி அழுகிற பண்டிதர்களால் நமது மக்களுக்கு என்ன லாபம்?" என்று நமது தோழர்களில் பலர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஏட்டைப் படித்தவன் எல்லாம் ஏட்டுக்கு அடிமை என்று முடிவுகட்டி விடுவதும் மூடநம்பிக்கைதான்.

சீன தேசத்தைப் பாருங்கள். கன்பூசியஸின் நூல்களை உருப்போட்டவனுக்கே உத்தியோகம் என்று ஏறக்குறைய 1,300 வருஷ காலம் பரீட்சை நடந்தது. 1905-ல்தான் அது ஒழிந்தது. அந்தப் பரீட்சையின் உச்சிப்படியில் ஏறித் தேறியவர் சாய் யுவான்பெய் என்பவர். அப்படிப்பட்டவரே 1912-ல் குடியரசின் கல்வி மந்திரியானதும், சிறுபிள்ளைகளின் பள்ளிக்கூடத்திலிருந்து அந்தப் பழைய நூற்பாடத்தை எடுத்தெறிந்தார். 1917-ல் பீக்கிங் சர்வகலாசாலையின் தலைமையை ஏற்றார். 1920-ல் அங்கே பெண்களும் படிக்க இடம் பிறந்தது. அந்த நூல்களைப் படியாதவர் அவற்றைக் குறை சொன்னால், "உனக்கென்ன தெரியும்?" என்று வாயடைத்து விடுவார்கள். கரைத்துக் குடித்தவரே சொன்னபோது யாரால் என்ன செய்ய முடியும்?

நமது பழைய வடஆற்காடு ஜில்லாவிலும் ஏட்டுப் படிப்பினால் உயர்ந்த ஒருவர் உண்டு. 1912-ல் திருப்பத்தூரில் பிறந்த மு. வரதராசனார்தான் அவர். தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்தார். உடம்புக்கு முடியாமல் அந்த வேலையை விட்டார். பிறகு பெரும்பாலும் வீட்டிலிருந்தே படித்து 1935-ல் வித்துவான் பரீட்சையில் மாகாணத்திலேயே முதலாவதாகத் தேறினார். அதற்காகத் திருப்பனந்தாள் மடத்தின் ஆயிரம் ரூபாய்ப் பரிசும் பெற்றார். (மடத்துப் பணம் ஒரு தடவையாவது உருப்படியான காரியத்துக்குச் செலவானதைக் குறிக்காமல் போவது நேர்மையாகாது.) 1939-ல் பச்சையப்பன் கல்லூரிக்கு ஆசிரியராகப் போனார். 1948-ல் சென்னைச் சர்வகலாசாலையில் தமிழுக்காக டாக்டர் பட்டம் வாங்கினார். 1971-ல் மதுரைச் சர்வகலாசாலையின் துணைவேந்தராகி, 1974-ல் சாகும்வரை அப்பதவியில் இருந்தார்.

இதிலுள்ள விசேஷம் என்னவென்றால், அக்காலத்தில் கல்லூரியில் தமிழ் வாத்தியார் என்றால் பையன்களுக்குக் கேலிப்பொருள். இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பவருக்கு ஒரு மரியாதை, தமிழ்ப் பண்டிதருக்கு ஒரு மரியாதை. அந்த வகுப்பிலிருந்து ஒருவர் துணைவேந்தர் நாற்காலியில் போய் உட்கார்ந்தது, அவர் ஒருவருக்கு மாத்திரம் கிடைத்த பெருமை என்று நாம் நினைக்கவில்லை.

நிற்க, அவர் நம்மவர் அல்ல. காந்தியாரையும் திரு. வி. க.வையும் போற்றியவர். கடவுளை மறுத்தவரல்ல. நம்மைப் போல் தெருவில் நின்று கத்தியவருமல்ல. ஆனாலும் 1949-ல் அவர் வெளியிட்ட திருக்குறள் தெளிவுரை செய்த வேலை பெரிது. அதற்கு முன் குறள் என்றால் பரிமேலழகர் உரை என்று இருந்தது. அவரோ அறம் என்பதற்கே மனு முதலிய நூல்களில் விதித்ததைச் செய்வது என்று பொருள் சொன்னவர். அது பண்டிதருக்கே விளங்குவது கஷ்டம். மு. வ. அதை இரண்டொரு வரியில், நாலெழுத்துப் படித்த விவசாயிக்கும் விளங்கும்படி எழுதிக் கையடக்கப் புத்தகமாகக் கொடுத்தார். சட்டைப்பையில் குறள் ஏறியது. பெரியார் சென்னையில் திருக்குறள் மாநாடு கூட்டியதும் அதே 1949 ஜனவரியில்தான் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

ஆனால் ஒரு விஷயத்தை மறைக்க முடியாது. கணவனையே தெய்வமாகத் தொழுது எழுகிறவள் சொன்னால் மழை பெய்யும் என்ற 55-ஆம் குறளுக்கு, மு. வ. அந்தப் பொருளையே அப்படியே எழுதிவிட்டுப் போய்விட்டார். இது எந்தக் காலத்தில் நடந்தது, ஏன் மனைவியை மாத்திரம் தொழச்சொல்ல வேண்டும், மனைவியைத் தொழுது எழுந்த கணவன் சொன்னால் ஒரு தூறலாவது விழாதா என்று ஒரு வார்த்தை இல்லை. உரைகாரர் மூலத்தில் உள்ளதைத்தானே எழுத வேண்டும் என்பார்கள். சரி, ஆனால் லட்சக்கணக்கான பிள்ளைகள் கையில் போகிற புத்தகம் அது. பெரியாரோ "வள்ளுவரும் கற்பும்" என்ற கட்டுரையில், குறளை எழுதியவர் ஒரு பெண்ணாக இருந்திருந்தால் இப்படி எழுதியிருப்பாரா என்று கேட்டார். குறளுக்கு மாநாடு கூட்டியவரே அப்படியும் கேட்டார்.

இன்று வள்ளுவருக்கு கன்னியாகுமரியில் 133 அடியில் சிலை நிற்கிறது. 2000 ஜனவரியில் திறந்தார்கள். அதில் நமக்குச் சந்தோஷமே. ஆனால் சிலைக்கு மாலை போட்டவன் குறளில் கேள்வி கேட்கக் கூடாது என்று ஆகுமானால், கன்பூசியஸுக்குக் கோயில் கட்டிப் பரீட்சை வைத்த கதைதான் இங்கும் நடக்கும். பள்ளிக்கூடத்தில் 1,330-ஐயும் ஒப்பிக்கிற பிள்ளைக்குப் பரிசு கொடுக்கிறோம். ஒரு குறளை மறுத்துப் பேசுகிற பிள்ளைக்கு எந்த ஊரிலாவது பரிசு கொடுத்ததுண்டா?

ஆகவே வேங்கிக்கால் தோழர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: வருகிற பௌர்ணமி இரவு ஊரே மலை சுற்றப் போகும்போது, நீங்கள் வீட்டுத் திண்ணையில் விளக்கைப் போட்டு, 55-ஆம் குறளுக்குப் பரிமேலழகர் உரை, மு. வ. உரை, புலவர் குழந்தை உரை மூன்றையும் அடுத்தடுத்து வாய்விட்டுப் படியுங்கள். படித்து முடித்ததும் ஆண்கள் வாயைத் திறக்க வேண்டாம். முதலில் வீட்டுப் பெண்கள் பேசட்டும்.