தெப்பக்குளத்து நடையும் கர்லாக் கட்டையும்

விடியற்காலை ஐந்து மணிக்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துப் பக்கம் போகிறவர்களுக்கு, மதுரை ஜனங்கள் தேகாப்பியாசத்தில் சிரத்தையற்றவர்கள் என்று சொல்ல மனம் வராது. வக்கீல்கள், வியாபாரிகள், உபாத்தியாயர்கள், பென்ஷன் வாங்குகிறவர்கள், குடும்ப ஸ்திரீகள் எல்லோரும் குளத்தைச் சுற்றுகிறார்கள். குளத்தின் ஒரு பக்கம் ஏறக்குறைய 300 மீட்டர். ஆகவே, நான்கு சுற்றுச் சுற்றினால் ஐந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும்.

சுற்றட்டும், நல்ல காரியந்தான். ஆனால் பத்து வருஷமாக அதே குளம், அதே வேகம், அதே நான்கு சுற்று என்று இருப்பவர்களிடம் ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. நமது சரீரம் மகா சிக்கனமுள்ளது. எந்த வேலையை அடிக்கடி கொடுக்கிறோமோ, அதைக் குறைந்த செலவில் முடிக்கக் கற்றுக்கொண்டுவிடுகிறது. முதல் மாதத்தில் மூச்சு வாங்கிய நடை, ஆறாம் மாதத்தில் ஊர் வம்பு பேசிக்கொண்டே நடக்கும் நடையாகிவிடுகிறது. இருதயத்துக்கு அதிலும் நன்மை உண்டு. ஆனால் சமதரையில் நடக்கும் நடை தோளுக்கும் புஜத்துக்கும் முதுகுக்கும் என்ன வேலை கொடுக்கிறது? அநேகமாக ஒன்றுமில்லை. வேலையற்ற தசை வயது ஏற ஏறக் கரைகிறது. தினமும் குளத்தைச் சுற்றுகிற பெரியவர் ஒருவர், கல்யாணப் பந்தியில் தரையில் உட்கார்ந்துவிட்டு, கையூன்றாமல் எழுந்திருக்க முடியாமல் திண்டாடுவதை நாம் பார்த்ததில்லையா?

உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் வெளியிட்ட யோசனைகளும் நடையோடு நிற்கவில்லை. வயது வந்தவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிஷம் வரை மிதமான உழைப்பு. அதோடு குறைந்தது 2 நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு, கீழே விழாமல் காக்கும் சமநிலைப் பயிற்சியும் கலந்து 3 நாள். இதைப் படித்ததும் இரும்புச் சாமான்கள் நிறைந்த நிலையத்துக்குப் பணங்கட்ட ஓடவேண்டிய அவசியமில்லை. வேண்டியதெல்லாம் நம் பாண்டிய நாட்டிலேயே இருக்கிறது.

கர்லாக் கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கனம் பிடியில் இல்லை, தலைப்பக்கத்தில் இருக்கிறது. ஆதலால் இரண்டு கிலோக் கட்டையும் தோளுக்குப் பின்னே சுழலும்போது பல மடங்கு கனத்துக்காட்டும். தோள்மூட்டு எல்லாத் திசைகளிலும் திரும்புகிறது. மணிக்கட்டும் முதுகும் சேர்ந்து உழைக்கின்றன. நம் நாட்டில் இதைக் கண்ட வெள்ளைக்கார ராணுவத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தங்கள் தேசத்துக்குக் கொண்டுபோய், "இந்தியன் கிளப்" என்று பெயரிட்டுப் பரப்பினார்கள். 1904-லும் 1932-லும் ஒலிம்பிக் பந்தயத்திலேயே கட்டை சுழற்றுதல் ஒரு போட்டியாக இருந்தது. நாமோ அதைப் பரண்மேல் போட்டுவிட்டோம்!

சிலம்பத்தின் கதை சற்று மேல். 2024 ஜனவரியில் மதுரை உள்ளிட்ட நான்கு தமிழ்நாட்டு நகரங்களில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் அதற்கும் இடம் கிடைத்தது. கம்பு வீசுவதை மட்டும் பார்த்து மயங்குகிறவர்கள் காலடி வரிசையைக் கவனிப்பதில்லை. முன்வைத்து, பின்வாங்கி, திரும்பி, ஒரு காலில் கனத்தை நிறுத்தும் அந்த வரிசையைவிடச் சிறந்த சமநிலைப் பயிற்சி எனக்குத் தெரியாது. கம்பில்லாமல் மெதுவாக அடியெடுத்து வைத்தாலும் பலன் உண்டு.

ஞாயிற்றுக்கிழமைக்கு மலை இருக்கிறது. கீழக்குயில்குடிச் சமணர் மலையில் பேச்சிப்பள்ளம் வரை படியேறிவிட்டு இறங்கினால், சமதரை தராத வேலையைத் தொடைத் தசை பெறும். ஏற்றத்தைவிட இறக்கமே மறுநாள் அதை ஞாபகப்படுத்தும்! கிராமத்துப் பிள்ளைகள் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் நீந்தக் கற்ற காலத்தை நினைத்தால் ஏக்கமாயிருக்கிறது. ஆயினும் நீச்சல் மட்டும் போதாது. நீர் உடற்கனத்தைத் தாங்கிக்கொள்வதால் எலும்புக்குச் சுமை குறைவு. நீந்துகிறவரும் நடக்கத்தான் வேண்டும்.

மாறுதல் என்றால் நாளுக்கொரு புதுமை என்று அர்த்தமல்ல. திங்கட்கிழமை தண்டால், செவ்வாய் கட்டை, புதன் வேறொன்று என்று தாவுகிறவருக்கு எதுவும் கைகூடாது. நடையை நான்கு நாள் வைத்துக்கொண்டு, இரண்டு நாள் கட்டையும் தண்டாலும், ஒரு நாள் மலை என்று இரண்டு மூன்று மாதம் மாறாமல் நடத்தி, பிறகு கனத்தையோ எண்ணிக்கையையோ கூட்டலாம். இருதய நோயோ மூட்டுவலியோ உள்ளவர்கள் முதலில் வைத்தியரைக் கேட்கட்டும்.

முதற் கட்டை ஒன்றரைக் கிலோவுக்கு மேற்பட வேண்டாம். மரக் கடைசல் பட்டறையில் சொன்னால் செய்து கொடுப்பார்கள். சுழற்றுமுன் பின்னால் குழந்தைகள் நிற்கிறார்களா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.